எத்தனை எச்.பி.?

நாமக்கல் பக்கம் எந்த வண்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் முதலில் வரும் கேள்வி, “எத்தனை எச்.பி.?” என்பதுதான். சங்ககிரி லாரி உரிமையாளரும் இதையே கேட்பார், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரரும் இதையே கேட்பார். பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பிடிக்கும் பையனும் இதைத்தான் கேட்பான். கேள்வியில் தப்பில்லை. பாரம் இழுத்துப் பிழைக்கிற ஊர் இது. ஆனால் இதே கேள்வியை ஒரு சிறிய விமானத்தின் முன்னால் போய் நின்று கேட்டால், வருகிற பதில் நம்மைக் குழப்பிவிடும். டீ சொல்லியாயிற்று, அது வருவதற்குள் அந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கலாம்.

இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று செஸ்னா 152. உலகமெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் ஓடித் தேய்ந்த வண்டி. தலைக்கு மேல் இறக்கை, அதைத் தாங்க இருபுறமும் சாய்வாக ஒரு தண்டு, கீழே மடங்காத மூன்று சக்கரங்கள். இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம். இன்னொன்று லாங்-ஈஸி. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் பட்டறை வைத்திருந்த பர்ட் ரூட்டான் வடிவமைத்தது, 1979-இல் முதலில் பறந்தது. இதைத் தயாராகக் கட்டி விற்ற தொழிற்சாலை கிடையாது. வரைபடத்தை வாங்கிக்கொண்டு போய் அவரவர் வீட்டுக் கார் ஷெட்டில் சொந்தக் கையால் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதிலும் இரண்டு பேர், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர்.

இரண்டிலும் உட்கார்ந்திருப்பது ஒரே குடும்பத்து இன்ஜின். பெயர் லைகாமிங் ஓ-235. நான்கு சிலிண்டர், கொள்ளளவு 3.8 லிட்டர் சொச்சம். செஸ்னாவில் 110 குதிரைத்திறன், லாங்-ஈஸியில் 115. ஐந்து குதிரை வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இனி வேகத்தைப் பாருங்கள். இன்ஜினை முக்கால் பலத்தில் வைத்தால் செஸ்னா மணிக்கு 198 கி.மீ. போகும். லாங்-ஈஸி அதே முக்கால் பலத்தில் சுமார் 290 போகும். இதைத்தான் பயண வேகம் என்கிறோம். ஒரு நிமிடம் மட்டும் மிதித்துத் தொடும் உச்ச வேகமல்ல, இன்ஜினை வாட்டாமல் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு போகக்கூடிய வேகம்.

ஒரே இன்ஜின் குடிப்பது ஏறத்தாழ ஒரே அளவு பெட்ரோல். ஆக லாங்-ஈஸிக்காரர் அதே டேங்கில் செஸ்னாக்காரரைவிட ஒன்றரை மடங்கு தூரம் போகிறார், முன்னதாகவும் போய்ச் சேருகிறார். அந்தக் கூடுதல் 90 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? இன்ஜினிலிருந்து வரவில்லை என்பது மட்டும் இப்போதைக்குத் தெரிகிறது.

இங்கேதான் எல்லோரும் வழுக்கும் இடம் வருகிறது, கொஞ்சம் நின்று போவோம். வேகம் இரு மடங்கு வேண்டுமென்றால் இன்ஜினும் இரு மடங்கு போதும் என்று நம் மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு தவறு. எவ்வளவு தவறு என்பதைப் பார்க்க ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து நாமக்கல் வரும் தேசிய நெடுஞ்சாலையில் அது 40 கி.மீ. வேகத்தில் வருகிறது. ஒவ்வொரு நொடியும் ஒரு குறிப்பிட்ட அளவு காற்று அதன் முகப்பில் வந்து மோதுகிறது. ஓட்டுநர் வேகத்தை 80 ஆக்குகிறார். இப்போது அதே ஒரு நொடியில் இரு மடங்கு காற்று மோதும். மோதும் காற்றும் முன்பைவிட இரு மடங்கு வேகமாக மோதும். ஆக, காற்றின் தடை நான்கு மடங்கு.

பாதிப் பேர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். இன்னொரு படி இருக்கிறது. அந்த நான்கு மடங்கு தடையைத் தள்ளிக்கொண்டு, அதே ஒரு நொடியில் இரு மடங்கு தூரம் போயாக வேண்டுமே. நாலிரண்டு எட்டு. காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால், வேகத்தை இரட்டிப்பாக்க இன்ஜினின் பலம் எட்டு மடங்காக வேண்டும். லாரியில் டயர் உருளும் தடையும் பாரமும் சேர்ந்துகொள்வதால் இது அவ்வளவு துலக்கமாகத் தெரிவதில்லை. வானில் டயர் இல்லை, ரோடு இல்லை, பயண வேகத்தில் பெரும்பங்கு சண்டை காற்றோடுதான். அங்கே இந்தக் கணக்கு ஈவிரக்கமில்லாமல் வேலை செய்கிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 100 குதிரைத்திறனில் 200 கி.மீ. போகும் ஒரு விமானம் இருக்கிறது என்று வையுங்கள். அதில் 200 குதிரைத்திறன் இன்ஜினை மாட்டினால் வேகம் 400 ஆகாது, 252 ஆகும். ஒன்றரை மடங்கு, அதாவது 300 வேண்டுமென்றால் ஏறத்தாழ 337 குதிரைத்திறன் தேவை. 400 வேண்டுமென்றால் 800. அதுவும் பெரிய இன்ஜின் கூடுதல் எடையே இல்லாமல் மாயமாக வந்து உட்கார்ந்தால்தான்.

அப்படி வந்து உட்காராது. இன்ஜின் பெரிதானால் அதைத் தாங்கும் சட்டம் கனக்க வேண்டும். குடிக்கும் பெட்ரோல் கூடும், டேங்க் பெரிதாகும். மொத்த எடை ஏறியதால் இறக்கை அகலும். இறக்கை அகன்றால் காற்றுத் தடை கூடும். சூடு அதிகமென்பதால் குளிர்விக்கும் காற்றுக்கு மூக்கில் பெரிய ஓட்டை வேண்டும், அதுவும் தடைதான். வாங்கிய குதிரைகளில் பாதி தங்களுக்கான தீனியைச் சுமப்பதிலேயே களைத்துப்போகும்.

இதே கணக்கை மறுபக்கமிருந்து படிப்போம். குதிரைத்திறனை இரட்டிப்பாக்கினால் கிடைக்கிற அதே 26 சதவீத வேகம், தடையைப் பாதியாகக் குறைத்தாலும் கிடைக்கும். ஒன்றுக்கு ஆயுள் முழுக்கப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். இன்னொன்றுக்குக் கட்டும்போது ஒருமுறை மெனக்கெட்டால் போதும். லாங்-ஈஸியும் செஸ்னாவும் வேகத்தில் 290-க்கு 198. விகிதம் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. அதை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் மூன்றைக் கொஞ்சம் தாண்டும். அதாவது, ஒரே வேகத்தில் இரண்டும் பறந்தால் செஸ்னா வாங்கும் தடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் லாங்-ஈஸி வாங்குகிறது. காணாமல் போன 90 கிலோமீட்டரின் விலாசம் இதுதான்.

தடையை எங்கே போய்க் குறைப்பது? காற்றைக் கிழிக்க மூக்கு கூராக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். மூக்கைவிட முக்கியம் வால். மண் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள்: புழுதி லாரியைத் துரத்திக்கொண்டே வரும். ஊர் போய்ச் சேர்ந்ததும் பார்த்தால் காற்றை வாங்கிய முகப்பைவிடப் பின்கதவில்தான் செம்மண் அப்பியிருக்கும். பக்கவாட்டில் ஓடிவந்த காற்று, பின்பக்கம் திடீரென்று வெட்டி நிறுத்தியதால் வளைந்து உள்ளே மூட முடியாமல் சுழன்று தவிக்கிறது. அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைகிறது. முன்னால் அழுத்தம் தள்ள, பின்னால் அழுத்தக் குறைவு இழுக்க, லாரி நடுவில் மாட்டிக்கொள்கிறது.

காற்றுக்கு வழிவிடுவது சுலபம். பிரிந்த காற்றைச் சண்டையில்லாமல் மறுபடி சேர்த்துவைப்பதுதான் கஷ்டம். அதனால்தான் நல்ல விமானத்தின் எந்தப் பாகமும் முன்னால் உருண்டையாகத் தொடங்கிப் பின்னால் நீளமாக, மெதுவாக ஒடுங்கும். ஓர் உருண்டைக் கம்பியைக் காற்றில் நீட்டினால் ஏற்படும் தடையும், அதைப்போலச் சுமார் பத்து மடங்கு தடிமனுள்ள, ஆனால் இறக்கை வெட்டுமுகத்தில் ஒடுங்கிவரும் ஒரு தண்டின் தடையும் கிட்டத்தட்ட ஒன்று. நம்பக் கஷ்டமாக இருக்கும். பென்சில் பருமனுள்ள ஆன்டெனாக் குச்சி ஒன்று, பார்வைக்கு ஒன்றுமே இல்லாததுபோல் நின்றுகொண்டு, ஒரு துண்டு இறக்கை அளவுக்கு வேகத்தைத் தின்னும்.

இப்போது செஸ்னாவை மறுபடி பாருங்கள். தண்டுகள், அவை இறக்கையோடு சேரும் மூலைகள், வெளியே தொங்கும் சக்கரங்கள், ஆயிரக்கணக்கான ரிவெட் தலைகள், இரண்டு ஆள் அகலத்துக்கு முகப்பு. ரூட்டான் இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஆட்களை முன்பின்னாக உட்காரவைத்து உடம்பை ஒடுக்கினார். இன்ஜினையும் ப்ரொப்பெல்லரையும் பின்னால் கொண்டுபோனார். வழக்கமாக வாலில் இருக்கும் சிறு இறக்கையை மூக்குக்கு மாற்றினார். செஸ்னாவின் இறக்கைப் பரப்பு 160 சதுர அடி. லாங்-ஈஸியில் மூக்கிலிருக்கும் சிறிய இறக்கையையும் சேர்த்தே சுமார் 95-தான். காற்று உரசிக்கொண்டு ஓட வேண்டிய தோல் குறைந்தால் உரசலும் குறையும்.

சக்கரத்தில் மட்டும் ஒரு சமரசம். காமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்தில் ஏறி இறங்கும் ஏ.டி.ஆர். விமானம் மேலே எழும்பியதும் பெரிய சக்கரங்களை வயிற்றோர உறைக்குள் மடக்கிக்கொள்ளும். சிறு விமானத்தில் அந்த மடக்கும் பொறி கனம், செலவு, மறந்தால் ஆபத்து. லாங்-ஈஸியில் மூக்குச் சக்கரம் மட்டும் உள்ளே போகும், பின்சக்கரங்கள் வெளியிலேயே இருக்கும். ஆனால் அவற்றின் கால்கள் ஒடுங்கிய வடிவில் வார்த்தவை. நிறுத்திவைக்கும்போது இந்த விமானம் மூக்குச் சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி மண்டியிட்டு நிற்கும். முன்சீட்டில் ஆள் இல்லையென்றால் பின்னாலிருக்கும் இன்ஜின் கனத்தில் மல்லாந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

கட்டும் முறைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. அச்சு கிடையாது, பெரிய இயந்திரம் கிடையாது. தெர்மாகோல் மாதிரியான ஒரு நுரைக் கட்டி. அதன் இரு முனைகளிலும் இறக்கையின் வெட்டுமுக வடிவில் அறுத்த பலகைத் தகடுகளை ஆணியால் பொருத்துவார்கள். ஒரு மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கி, ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, தகட்டின் விளிம்பை ஒட்டி இழுத்துவருவார்கள். நுரை வெண்ணெயாக வெட்டுப்படும். இரண்டு பேர் கையும் ஒரே சீராக நகர வேண்டுமே, அதற்காகத் தகட்டின் ஓரத்தில் எண்கள் குறித்திருக்கும். ஒருவர் “பத்து... பத்தரை... பதினொன்று” என்று சத்தமாகச் சொல்லச் சொல்ல, மற்றவர் தன் பக்கத்தில் அதே எண்ணில் கம்பியை வைத்திருக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

வெட்டிய நுரையின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, எபாக்ஸி பிசினை ஊற்றித் தேய்த்து, மிச்சப் பிசினை வழித்தெடுத்துவிட வேண்டும். வழிக்காத பிசின் பலம் தராது, எடைதான் தரும். காய்ந்ததும் பூச்சுப் பூசி, நாள்கணக்கில் உப்புத்தாள் தேய்ப்பு. லாரிக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கும் கைக்கு இந்த வேலை புதிதல்ல. பட்டறையில் அதைச் செய்வது பளபளப்புக்காக, இங்கே வேகத்துக்காக. வழவழப்பான தோலின் மேல் காற்று முதலில் ஏடு ஏடாக, குழம்பாமல் ஓடும். அப்படி ஓடும்வரை உரசல் மிகக் குறைவு. ஒரு ரிவெட் தலையோ தகட்டு ஒட்டோ குறுக்கிட்டால் அந்த இடத்திலிருந்து காற்று கலங்கிவிடும், உரசல் பல மடங்காகும்.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. வழவழப்பை நம்பி வேகம் வாங்கினால், வழவழப்பு கெடும் நாளில் வேகமும் கெடும். சாயங்கால வேளையில் வயல்வெளி மேல் பறந்தால் இறக்கையின் முன்விளிம்பில் பூச்சிகள் அடிபட்டு ஒட்டும். ஒவ்வொரு பூச்சியின் பின்னாலும் ஆப்பு வடிவில் காற்று கலங்கும். ரூட்டானின் முதல் வடிவமைப்புகளில் இன்னும் மோசமான சிக்கல் வந்தது. மழைத்துளி மூக்கு இறக்கையின் மேல் படிந்ததும் அதன் தூக்குதிறன் குறைந்து, விமானம் மூக்கைத் தாழ்த்தப் பார்த்தது. ஓட்டுபவர் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதாயிற்று. பிறகு ஜான் ரோன்ஸ் என்ற வடிவமைப்பாளர் மழைக்கு அசராத புதிய வெட்டுமுகம் ஒன்றைக் கணக்கிட்டுத் தந்தார். பழையதை அறுத்தெறிந்து புதியதைக் கட்டிக்கொண்டவர்கள் பலர்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை, யாராவது கேட்கத்தான் போகிறீர்கள். எடை குறைந்தால் வேகம் கூடாதா? நேரடியாகக் கூடுவது கொஞ்சம்தான். கனம் விமானத்தை அதிகம் படுத்துவது மெதுவாகப் பறக்கும்போதும், ஓடுதளத்தை விட்டு எழும்பும்போதும், மேலே ஏறும்போதும்தான். வேகம் கூடக் கூடத் தூக்குவதற்கான செலவு சுருங்கி, உரசலின் செலவு வீங்கும். ஆனால் எடை குறைந்தால் இறக்கையைச் சிறிதாக்கலாம், அந்த வழியாக வேகம் வந்து சேரும்.

இன்ஜினின் சூட்டையும் கவனிக்க வேண்டும். பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு சுற்றும் தண்டுக்குப் போனாலே அது நல்ல இன்ஜின். மிச்சம் புகைக்குழாய் வழியாகவும் குளிர்விக்கும் காற்று வழியாகவும் போகிறது. காற்று உள்ளே வர ஓட்டை பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று வைத்துவிட்டால், தேவைக்கு மேல் வந்த காற்று உள்ளே முட்டி மோதி வெளியேறும்போது வேகத்தைத் தின்றுவிட்டுப் போகும். வீட்டில் விமானம் கட்டுபவர்கள் சிலிண்டரைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்து, விரல் நுழையும் சந்துகளையெல்லாம் அடைத்து, வந்த காற்று முழுவதையும் சிலிண்டர் செதில்களின் நடுவே போகவைப்பார்கள். அப்புறம் முன் ஓட்டையைச் சிறிதாக்குவார்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

ப்ரொப்பெல்லரும் ஒரு பேரம். அதன் இலைகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே எந்த வேகத்தில் அது நன்றாக இழுக்கும் என்பது அமையும். மலிவான, எளிய விமானத்தில் அந்தச் சாய்வை மாற்ற முடியாது. டாப் கியர் மட்டும் உள்ள லாரி மாதிரி. ஹைவேயில் ஜோராகப் போகும், கிளப்பும்போது திணறும். வேகத்துக்கென்று சாய்வு வைத்த லாங்-ஈஸி எழும்புவதற்கு செஸ்னாவைவிட நீண்ட ஓடுதளம் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

பிறகு உயரம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்களுக்குத் தெரியும், டர்போ இல்லாத பழைய இன்ஜின் மேலே போகப் போக மூச்சு வாங்கும். காற்று மெலிவதுதான் காரணம். 8,000 அடியில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதைப்போல் ஐந்தில் நான்கு பங்குதான். இன்ஜினுக்கு அது நஷ்டம், விமானத்தின் உடம்புக்கு லாபம், தடையும் அதே அளவு குறைகிறதே. டர்போ வைத்து இன்ஜினுக்கு மட்டும் காற்றைத் திணித்துக் கொடுத்தால் நஷ்டம் போய் லாபம் மட்டும் நிற்கும். ரோட்டாக்ஸ் 914 என்ற சிறிய இன்ஜின் இந்த வித்தையால்தான் 16,000 அடி உயரம்வரை தரையில் தரும் பலத்தில் பெரும்பகுதியைக் கொடுக்கிறது.

தடையைத் துடைத்தெடுக்கும் இந்த வேலையை எல்லைவரை இழுத்தால் என்ன ஆகும்? 1977-இல் ரூட்டானின் வடிவமைப்பில் க்விக்கி என்ற ஒற்றை ஆள் விமானம் பறந்தது. அதில் இருந்தது 18 குதிரைத்திறன் ஓனான் இன்ஜின், ஜெனரேட்டரில் ஓடும் ரகம். நம் கோழிப்பண்ணையில் கரன்ட் போனால் ஓட்டுகிறோமே, அந்த மாதிரி. அதை வைத்துக்கொண்டு சுமார் 185 கி.மீ. வேகத்தில் போனது. இன்னும் மேலே போனவர் கலிஃபோர்னியாவின் மைக் ஆர்னால்ட். அவர் தானே கட்டிய ஏ.ஆர்.-5 விமானத்தில் இருந்தது 65 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் இரு-ஸ்ட்ரோக் இன்ஜின். அதே இன்ஜினை மாட்டிய திறந்த அல்ட்ராலைட்கள் 100 கி.மீ. பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தன. ஆர்னால்ட் 1992-இல் மணிக்கு 343 கி.மீ. தொட்டு, 300 கிலோவுக்கு உட்பட்ட விமானங்களுக்கான உலக சாதனை படைத்தார். அந்த விமானத்தின் மொத்தத் தடையையும் ஒரு தட்டையான பலகையின் தடையாக மாற்றிச் சொன்னால் 0.88 சதுர அடி. பக்கத்துக்குப் பதினோரு அங்குலம் சொச்சம் உள்ள ஒரு சதுரப் பலகை. இறக்கை, உடம்பு, வால், சக்கரம், இன்ஜின் ஓட்டை எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். சொந்தமாக விமானம் கட்டும் ஆசை இங்கே புதிதல்ல. 1910-லேயே சென்னையில் ஹோட்டல் நடத்திய டி’ஏஞ்சலிஸ் என்பவர், தன் வடிவமைப்பில் சிறிய இன்ஜின் வைத்த ஒரு விமானத்தை சிம்ப்சன் பட்டறையில் கட்டச் செய்து பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

லாங்-ஈஸியும் இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரிலுள்ள மத்திய அரசின் விமான ஆய்வகமான என்.ஏ.எல்., 1980-களில் ரூட்டானின் அந்த வடிவமைப்பை ஒட்டி ஓர் ஆராய்ச்சி விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டது. நுரையும் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் கொண்டு விமானம் கட்டக் கை பழகுவதற்கான பள்ளிக்கூடம் அது. அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தது ஹன்சா என்ற இரு இருக்கைப் பயிற்சி விமானம். 1993-இல் முதலில் பறந்தது, 2000-இல் சான்றிதழ் வாங்கியது. ஹன்சா-3 விமானங்களைக் கட்டிக்கொடுத்த தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் இருப்பது ஓசூரில். 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் நம் சேலம் மாவட்டத்து ஊர்தான். ஆகவே சேலத்துக்காரர்கள் ஹன்சாவில் கொஞ்சம் சொந்தம் கொண்டாடினால் தப்பில்லை.

ஆனால் ஹன்சா-3-இல் இருப்பது 115 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 914. லாங்-ஈஸியின் அதே குதிரைத்திறன், அதே வழவழப்பான இழைத் தோல். அப்படியிருந்தும் பயண வேகம் 200 கி.மீ.யைத் தாண்டுவதில்லை. பொறியாளர்கள் கோட்டைவிட்டார்களா? இல்லை, அவர்களிடம் கேட்டது வேறு. பயிற்சி விமானத்தில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் உட்கார வேண்டும், உடம்பு அகன்றது. கற்றுக்குட்டி தடாலென்று இறக்குவார், சக்கரங்கள் மடங்காமல் முரட்டுத்தனமாக நிற்க வேண்டும். வேகம் குறைந்தாலும் விழாமல் மிதக்க வேண்டும், அதற்கு இறக்கை பெரிது. செஸ்னா மெதுவாகப் போவதற்கும் இதே காரணங்கள்தான். சிறிய இறக்கையில் வேகம் வாங்கியவர் இறங்கும்போது அதற்கு வட்டி கட்டுகிறார்: வேகமாக இறங்க வேண்டும், நீளமான, நல்ல ஓடுதளம் வேண்டும், தப்பு செய்தால் மன்னிப்பு குறைவு. என்னைக் கேட்டால், முதல்முறை விமானம் ஓட்டப் போகும் என் வீட்டுப் பிள்ளையை லாங்-ஈஸியில் ஏற்றமாட்டேன், ஹன்சாவில்தான் ஏற்றுவேன்.

வீட்டில் கட்டியதைச் சட்டப்படி பறக்கவிடுவது இங்கே எவ்வளவு நீண்ட பாதை என்பதற்கு மும்பை விமானி அமோல் யாதவ் சாட்சி. அடுக்குமாடி மொட்டை மாடியில் விமானம் கட்டி, 2016-இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைத்தார். பதிவு எண் கிடைத்தது 2017-இல், பறந்து பார்க்க அனுமதி கிடைத்தது 2019-இல். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் உடனே தெர்மாகோல் வாங்கக் கிளம்ப வேண்டாம்.

அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டில் விமானம் கட்டுபவர்கள் காற்று எங்கே கலங்குகிறது என்று கண்டுபிடிக்கக் கம்பளி நூலைத்தான் நம்புகிறார்கள். ஆறு அங்குல நீளத்தில் நூலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றின் ஒரு முனையை மட்டும் டேப்பால் உடம்பில் ஒட்டுவார்கள். பறக்கும்போது நூல் அடங்கி நேராகப் படுத்திருந்தால் அங்கே காற்று ஒழுங்காக ஓடுகிறது. நூல் துடித்தால், சுழன்றால், எதிர்ப்பக்கம் திரும்பினால், வேகம் அங்கேதான் ஒழுகுகிறது. உங்கள் காரிலோ வேனிலோ கூரையின் பின்பாதியிலும் பின்கதவிலும் கண்ணாடி ஓரங்களிலும் இதை ஒட்டிப் பார்க்கலாம். பாடி பட்டறை வைத்திருப்பவர்கள் புதிதாகக் கட்டிய கண்டெய்னரில் ஒட்டிப் பார்த்தால், முன்பக்க மூலைகளை எவ்வளவு உருட்ட வேண்டும் என்பதை நூலே சொல்லிவிடும். காலையில் போக்குவரத்து குறைந்த நேரமாகப் பாருங்கள். நூலைப் படம் எடுப்பவர் பக்கத்துத் தடத்தில் வரும் வேறொரு வண்டியில், ஓட்டுநர் அல்லாத சீட்டில் உட்காரட்டும். அறுபதில் ஒருமுறை, எண்பதில் ஒருமுறை எடுத்தால் போதும்.